குளிர்ச் சரக்கோடு எந்தக் கருவி போக வேண்டும்: லேபிளா, லாகரா, சிம் டிராக்கரா?

வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவி வாங்க உட்காரும்போது பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது, ‘எது அதிகத் தகவல் தரும்?’ என்பதைத்தான். எல்லாவற்றையும் காட்டும் கருவியை வாங்குகிறார்கள். சில மாதங்களில் அந்தத் திரையை யாரும் திறப்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது வேறு. சரக்கு சூடாகிறது என்று நடுவழியில் தெரிந்தால், அது கெடுவதற்குள் போய்ச் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? இருந்தால், உடனுக்குடன் செய்தி அனுப்பும் கருவிக்குப் போட்ட பணம் திரும்பி வரும். இல்லையென்றால், நடந்ததை இறக்குமிடத்தில் சொல்லும் கருவியே போதும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கெட்ட செய்தியைக் கொஞ்சம் முன்னதாகக் கேட்பதற்கான கட்டணம்.

கழிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. அறுவடைக்குப் பின், சில்லறைக் கடையை எட்டுவதற்கு முன், உலக உணவில் சுமார் 14 சதவீதம் வீணாவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019இல் கணக்குச் சொன்னது. குளிர்ச்சி தவறுவதும் அதற்கு ஒரு காரணம். மறுபக்கம், 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது; முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான். பெட்டிக்கு ஒரு லித்தியம் பேட்டரி வீதம் போட்டு அனுப்பிவிட்டு, ஆண்டு இறுதியில் ‘பசுமை விநியோகச் சங்கிலி’ என்று அறிக்கை அச்சடிப்பது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

லேபிள்

பேட்டரி இல்லாத, விலை மிகக் குறைந்த வழி. இதில் இரண்டு வகை. முதல் வகை, குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் உருகி, காகிதப் பட்டையில் நிறத்தோடு ஊர்ந்து போகும். எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது என்பதிலிருந்து எத்தனை மணி நேரம் சூட்டில் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு: லேபிளையே முன்கூட்டிக் குளிரவைக்காமல், அறை வெப்பத்தில் இருக்கும்போதே அதை இயக்கத் தொடங்கும் இழுப்புப் பட்டையை இழுத்துவிடுவது. சரக்கு கிளம்பும் முன்பே லேபிள் சிவந்துவிடும். அதன் எல்லை வெப்பநிலைக்குக் கீழே சில மணி நேரம் வைத்திருந்து, பிறகுதான் இயக்க வேண்டும்.

இரண்டாவது வகை, பட்ட சூட்டையெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போகும். 1996இல் வாய்வழி போலியோ சொட்டு மருந்தில் ஒட்டத் தொடங்கிய தடுப்பூசிக் குப்பிக் காட்டி இந்த வகைதான். உள்ளே ஒரு சதுரம், சுற்றி ஒரு வட்டம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை எட்டினாலோ அதைவிடக் கருத்தாலோ குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். 2, 7, 14, 30 என்று வகை எண்கள் உண்டு. 37 டிகிரியில் எத்தனை நாளில் முடிவு நிலையை எட்டும் என்பதே அந்த எண். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பார்வையில் முடிவெடுக்கலாம் என்பதுதான் இதன் பலம்.

ஆனால் இந்தக் காட்டி உறைபனியைப் பார்க்காது. ஹெபடைட்டிஸ் பி, முத்தடுப்பு ஊசி (டிபிடி) போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் சூட்டைவிட உறைவதால்தான் மீட்க முடியாமல் கெடுகின்றன. அவற்றுக்கு உறைதல் காட்டி தனியாக வேண்டும். எந்த வகையானாலும் லேபிள் ‘நடந்தது’ என்று மட்டும் சொல்லும். ‘எப்போது, யார் கையில் இருந்தபோது’ என்று சொல்லாது. பொறுப்பு யாருடையது என்ற பேச்சு வரக்கூடிய சரக்குக்கு இது உதவாது.

டேட்டா லாகர்

சிறு சென்சார், நினைவகம், ஒரு காசு வடிவ பேட்டரி, யுஎஸ்பி முனை. கணினியில் செருகினால் தானே பிடிஎஃப் அறிக்கை தரும். 16,000 அளவீடுகள் பிடிக்கும் நினைவகத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்று பதிந்தால் 111 நாள் வரும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 55 நாள். கடல் பயணத்துக்கு 10 அல்லது 15 நிமிட இடைவெளி போதும். இரண்டு நாள் விமானச் சரக்குக்கு 5 நிமிடம் வைக்கலாம். துல்லியம் பொதுவாகக் கூட்டல் கழித்தல் 0.5 டிகிரி. உணவுப் போக்குவரத்துக்கு வாங்கினால் ஐரோப்பியத் தரம் இஎன் 12830க்கு உட்பட்டதா என்று கேளுங்கள்.

கருவி பழுதாவது அரிது. தவறுவது மனிதக் கைகளில்தான். பொத்தானை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் பல லாகர்கள் தொடங்கும். அவசரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். பொட்டலம் கட்டும் அறையிலேயே தொடங்கிவிட்டால் முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பம் பதிவாகி, அறிக்கை முழுக்கச் சிவப்பாக வரும். தொடக்கத் தாமதத்தை 60 நிமிடமாக வைத்தால் இது தீரும். கடிகாரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் ஓட, பெறுபவர் அதை உள்ளூர் நேரமென்று படித்து, தவறான கிடங்கின் மேல் பழி போடுவதும் நடக்கிறது. பல அலுவலகங்களில் கணினியின் யுஎஸ்பி வாயையே பாதுகாப்புக் காரணமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே கைப்பேசியைத் தொட்டுப் படிக்கும் என்எஃப்சி வகையோ புளூடூத் வகையோதான் சரிப்படும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, அட்டைப்பெட்டியோடு சேர்த்து லாகரையும் குப்பையில் போட்டுவிடுவது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பை, பெட்டியின் வெளியே ‘உள்ளே லாகர்’ என்ற ஒட்டு, பொருள் பட்டியலில் அதன் வரிசை எண்: இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

உலர்பனி வைத்த பெட்டிக்குள், அதாவது மைனஸ் 78.5 டிகிரிக்கு அருகே, சாதாரண லாகரைப் போட்டால் பேட்டரி மின்னழுத்தம் விழுந்து பதிவு நின்றுபோகும். லாகரின் உடல் வெளியே, பிளாட்டின உணரி கம்பி வழியாக உள்ளே என்று அமைக்க வேண்டும்.

சிம் டிராக்கர்

சிம் அட்டை கொண்டு, வழியிலிருந்தே வெப்பநிலையையும் இருப்பிடத்தையும் அனுப்பும் கருவி இது. ‘உடனுக்குடன்’ என்று விற்கப்படுவதில் எத்தனை நிமிடம் ஒளிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெப்பநிலையை 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலும், செல்பேசிக் கோபுரத்துக்கு அனுப்புவது ஒரு மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒருமுறைதான். அனுப்பும் ஒவ்வொரு முறையும் பேட்டரியைத் தின்கிறது. நான்கு மணி நேரம் சூட்டில் இருந்தால் கெடும் சரக்குக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் கருவி, விலை கூடிய லாகர்தான். வெப்பநிலை எல்லை தாண்டியவுடன் அட்டவணையை மீறி உடனே அனுப்பும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

குளிர் கண்டெய்னர் ஓர் உலோகப் பெட்டி. உள்ளே ஜிபிஎஸ் கிடைக்காது. இருப்பிடம் செல்பேசிக் கோபுரங்களை வைத்துத்தான், பிழை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை. நடுக்கடலில் கோபுரமே இல்லை. கருவி சேமித்து வைத்து, துறைமுகம் வந்ததும் மொத்தமாக அனுப்பும். மூன்று வாரக் கடல் பயணத்துக்கு இதை வாங்கினால், கிடைப்பது மூன்று வாரம் தாமதமான நேரலை.

அலைவரிசை விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மூன்று பெரிய சேவை நிறுவனங்களும் 2022 முடிவதற்குள் 3ஜியை மூடிவிட்டன. பழைய 3ஜி டிராக்கர்கள் அங்கே ஊமையாயின. இப்போது பெரும்பாலும் கிடைப்பவை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவிகளுக்கான எல்டிஇ-எம், என்பி-ஐஓடி என்ற இரு வகைச் செல்பேசி இணைப்புகள். ஓடும் வண்டி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு அறாமல் கைமாற எல்டிஇ-எம் இடம் தருகிறது. என்பி-ஐஓடி ஒரே இடத்தில் நிற்கும் மீட்டர்களை மனத்தில் வைத்து உருவானது. நாடு கடந்த ரோமிங் ஒப்பந்தங்களும் அதற்குக் குறைவு. எனவே நகரும் சரக்குக்கு எல்டிஇ-எம்மோடு 2ஜி மாற்று வழியும் உள்ள கருவிதான் பொருத்தம்.

விமானத்தில் ஏற்றுவதானால் இன்னும் இரண்டு நிபந்தனை. லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்ல ஐ.நா. வகுத்த யுஎன் 38.3 சோதனைச் சான்று வேண்டும். பறக்கும்போது ரேடியோ தானாக அணைய வேண்டும். பல விமான நிறுவனங்கள் தாங்கள் ஏற்கும் டிராக்கர் மாடல்களின் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கருவி பெட்டிக்குள் இருப்பது தெரிந்தால் சரக்கே இறக்கப்படலாம். கொள்முதல் ஆணை போடும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பெரிய கப்பல் நிறுவனங்களின் குளிர் கண்டெய்னர்களில் மோடம் ஏற்கெனவே இருக்கிறது. கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக நடுக்கடலிலிருந்தும் செய்தி வரும். அந்தத் தரவைச் சரக்கு உரிமையாளருக்குச் சந்தாவாகத் தருகிறார்கள். புதிய பேட்டரி எதுவும் வேண்டியதில்லை என்பதால் கழிவுக் கணக்கில் இதுவே முதலிடம். குறை ஒன்றுதான்: அது அளப்பது இயந்திரத்திலிருந்து வெளியேறும் காற்றையும் திரும்பும் காற்றையும், பழத்தின் உள்சூட்டை அல்ல. தகராறு வந்தால், எதிர்த்தரப்பின் கருவி எழுதிய பதிவை மட்டும் நம்பி வாதாட வேண்டியிருக்கும். அந்தச் சந்தாவோடு ஒரு சாதாரண லாகரும் சேர்ந்தால் கடல் பயணத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது.

எங்கே வைப்பது

கருவியின் விலையைவிட இந்தக் கேள்விதான் முடிவை அதிகம் மாற்றும். குளிர் கண்டெய்னரில் குளிர்காற்று தரையின் பள்ளங்கள் வழியாகப் போய், சரக்கினூடே மேலேறி, கூரையடியில் திரும்புகிறது. ஆகவே மிகச் சூடான இடம் கதவோரக் கடைசித் தட்டின் (பெட்டிகளை அடுக்கும் பேலட்டின்) மேலடுக்கு. மிகக் குளிர்ந்த இடம் இயந்திரத்தை ஒட்டிய கீழடுக்கு. வாழைப்பழத்துக்கு இரண்டும் முக்கியம்: 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும், ஆனால் அது பழுக்கவைக்கும்போதுதான் வெளியே தெரியும். சூட்டைப் பார்க்க ஒன்று, குளிரைப் பார்க்க ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று லாகர்கள் தேவைப்படுவது இதனால்தான்.

சிம் டிராக்கரில் ஒரு முரண்பாடு இங்கே முளைக்கிறது. சிக்னல் கசிவது கதவின் ரப்பர் விளிம்பு வழியாகத்தான் என்பதால் அதைக் கதவோரம் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் அது காட்டுவது மிகச் சூடான மூலையை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அலாரம் அடிக்கும். டிராக்கரைக் கதவோரமும், அதோடு புளூடூத்தில் பேசும் சென்சாரைச் சரக்கின் நடுவிலும் வைப்பது ஒரு தீர்வு. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சிவிடும். தக்காளியும் மீனும் பெரும்பாலும் நீர்தான். நாலைந்து மீட்டருக்கு அப்பால் இணைப்பு அறுந்தால் வியப்பில்லை. காலிக் கண்டெய்னரில் பார்த்த தூரத்தை நம்பாமல், நிரம்பிய கண்டெய்னரில் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று: குளிர் கண்டெய்னர் சரக்கைக் குளிர்விக்கும் இயந்திரமல்ல, குளிர்ந்த சரக்கை அப்படியே வைத்திருக்கும் இயந்திரம். ஏற்றும்போது பழத்தின் உள்ளே ஊசி வெப்பமானியைக் குத்தி அளந்து எழுதி வைக்காவிட்டால், பிறகு லாகர் காட்டும் சூடு வழியில் வந்ததா, பண்ணையிலிருந்தே வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

திரும்பி வரும் கருவியின் கணக்கு

‘முப்பது பயணம் தாங்கும்’ என்று விற்பவர் சொல்வார். தாங்குவது வேறு, திரும்பி வருவது வேறு. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால் ஒரு கருவி சராசரியாகச் செய்யும் பயணம் இரண்டரைதான். 85 சதவீதமானால் கிட்டத்தட்ட 6.7, 95 ஆனால் 20. ஒன்றை ‘திரும்பாத விகிதத்தால்’ வகுத்தால் வருவது இது.

ஒரு முறை பயன்படுத்தி எறியும் லாகரின் விலையை 1 என்று வைத்துக்கொள்வோம். மறுபயன்பாட்டுக் கருவி 5, திரும்ப அனுப்பும் செலவு 0.4. திரும்பும் விகிதம் 60இல் ஒரு பயணத்துக்கு 2.24 ஆகிறது, எறியும் வகையைவிட இரண்டு மடங்குக்கு மேல். 85இல் 1.09. 95இல் 0.63. இரண்டும் சமமாவது சுமார் 87 சதவீதத்தில். உங்கள் விலைகளைப் போட்டால் எண் மாறும், வளைவின் போக்கு மாறாது. கழிவுக்கும் இதே கணக்குத்தான்: பெரிய பேட்டரியும் மோடமும் உள்ள கருவி இரண்டரைப் பயணத்தில் தொலைந்தால், காசு பேட்டரி லாகரைவிட அதிகக் குப்பையைத் தந்துவிட்டுப் போகிறது.

ஆகவே மறுபயன்பாடு எடுபடுவது மூடிய சுற்றில்தான்: சொந்தக் கிடங்கிலிருந்து சொந்தக் கிடங்குக்கு, அல்லது பெட்டியும் தட்டும் எப்படியும் திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு. கருவியைத் திரும்ப வரும் பெட்டியிலேயே திருகி மாட்டிவிட்டால் தனியாக ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பல நாட்டுக்குப் பல கைகள் மாறிப் போகும் சரக்குக்கு எறியும் வகையை வாங்கி, பெறுபவரின் கிடங்கில் பேட்டரி சேகரிப்புப் பெட்டி வைக்கச் சொல்வதுதான் நேர்மையான வழி.

மறுபயன்பாட்டில் ஆண்டுக்கொருமுறை அளவுத்திருத்தமும் சேரும். இடையில் ஐயம் வந்தால் பனிக்குழம்புச் சோதனை செய்யலாம்: நொறுக்கிய பனிக்கட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் குழைவாக்கி, நீர் புகாத உணரி முனையை நடுவில் நிறுத்தி, கலக்கிவிட்டு, அளவீடு நிலைக்கும்வரை காத்திருங்கள். 0.5 டிகிரிக்கு மேல் விலகினால் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அலாரமும் காலக்கெடுவும்

2 முதல் 8 டிகிரி சரக்குக்கு 8.1 ஆனதும் குறுஞ்செய்தி போகும்படி வைத்தால், முதல் வாரத்திலேயே பொறுப்பாளர் கைப்பேசியை ஒலியடக்கிவிடுவார். குளிர் இயந்திரம் சில மணிக்கொருமுறை தன் மேல் படிந்த பனியை உருக்கும்போது காற்றின் வெப்பநிலை கொஞ்ச நேரம் ஏறித்தான் இறங்கும். தொடர்ந்து 30 நிமிடம் 8க்கு மேல் இருந்தால் ஓர் எச்சரிக்கை, 15ஐத் தொட்டால் உடனே இன்னொன்று, 2க்குக் கீழே தனியாக ஒன்று. இந்த மூன்று போதும். உணரி முனையைக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் நிரப்பிய குப்பியில் வைத்தால் காற்றின் துள்ளல் அடங்கி, மருந்தின் வெப்பநிலைக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

அறிக்கையில் சராசரியைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். மருந்துத் துறையில் சராசரி இயக்க வெப்பநிலை என்ற கணக்கு உண்டு. சூடான மணி நேரங்களுக்கு அதிக எடை கொடுக்கும். அந்த எடையைத் தீர்மானிக்கும் கிளர்வு ஆற்றலுக்கு வழக்கமாகப் போடும் மோலுக்கு 83.144 கிலோஜூல் என்ற இயல்நிலை மதிப்பு, மருந்தின் வேதிச் சிதைவை மனத்தில் வைத்து எடுத்தது. பழத்துக்கும் மீனுக்கும் அதை அப்படியே போடக்கூடாது. உறைந்ததால் வந்த சேதத்தையும் அது காட்டாது.

லாகரின் பதிவு சரக்கு வந்தபின்தான் கிடைக்கிறது, எனவே பயனில்லை என்று சொல்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். வந்தபின்னும் முடிவெடுக்க இடமிருக்கிறது. வழியில் சூடுபட்ட தட்டை முதலில் வெளியே அனுப்பி, குளிர்ச்சி குலையாமல் வந்ததைக் கிடங்கில் வைத்தால், அதாவது முதலில் வந்தது முதலில் என்பதை விட்டு முதலில் கெடப்போவது முதலில் என்று மாறினால், மோடம் இல்லாமலேயே வீணாவது குறையும். பழங்கள் சுவாசிக்கும் வேகம் 10 டிகிரி ஏறினால் இரண்டு மூன்று மடங்காகிறது என்பதால், ஒரே நாளில் ஏற்றிய இரு தட்டுகளின் மீதி ஆயுள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இழப்பீட்டுக்குத்தான் வாங்குகிறோம் என்றால் புகார் செய்யும் காலக்கெடுவைக் கவனியுங்கள். வெளியே தெரியாத சேதத்தை, ஹேக்-விஸ்பி விதிகள் ஆளும் கடல் சரக்கில் 3 நாளுக்குள், சிஎம்ஆர் ஒப்பந்தச் சாலைச் சரக்கில் ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாளுக்குள், 1999 மாண்ட்ரியல் ஒப்பந்த விமானச் சரக்கில் 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து நாள் மேசை இழுப்பறையில் கிடக்கும் லாகர், கடல் சரக்கின் வழக்கைப் பாதி தோற்கடித்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சில நிறுவனங்கள் சிம் டிராக்கருக்கு மாறுகின்றன. இறக்குமிடத்தில் அன்றே படித்து மின்னஞ்சல் அனுப்ப ஒருவரை நியமிப்பது அதைவிட மலிவு.

ஆக, எதற்கு எது

சாலை வழிக் குளிர் லாரிக்கு சிம் டிராக்கர். ஓட்டுநரைக் கூப்பிடலாம், வழியிலுள்ள குளிர்கிடங்கில் நிறுத்தலாம், வேறு வண்டிக்கு மாற்றலாம். போய்ச் சரிசெய்ய ஆள் இருக்கிறார். விமான நிலைய வெட்டவெளியில் வெயிலில் நிற்கும் விலை கூடிய மருந்துக்கும் இதுவே, தரையில் சரக்கைக் கையாளும் நிறுவனத்தோடு ‘அலாரம் வந்தால் நகர்த்துவீர்கள்’ என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால். அது இல்லையென்றால் லாகரே போதும். கடலுக்குக் கண்டெய்னர் மோடமும் லாகரும். கடைசி மைலில் போகும் சிறு பெட்டிகளுக்கு, சூட்டுக்கு ஒன்றும் உறைபனிக்கு ஒன்றுமாக லேபிள்கள்.

உறைந்த உணவு அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. மைனஸ் 18 டிகிரி என்ற எல்லை பாரன்ஹீட் பூஜ்யத்திலிருந்து வந்தது. அதை மைனஸ் 15க்கு உயர்த்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்ற கூட்டு முயற்சி 2023 இறுதியில் தொடங்கியது. ஐரோப்பிய விதி இன்னும் மைனஸ் 18ஐத்தான் கேட்கிறது. போக்குவரத்தின்போது சிறிது நேரம் 3 டிகிரி வரை ஏறுவதை மட்டும் பொறுத்துக்கொள்கிறது. சந்தை அனுமதித்தாலும், காற்றை மட்டும் அளந்த பதிவை வைத்து இந்த முடிவை எடுக்கக்கூடாது. ஒரு கோடைக்காலம் முழுக்கப் பெட்டியின் மையத்தில், மேலடுக்கிலும் கீழடுக்கிலும் லாகர் வைத்து அனுப்பி, மிக மோசமான தட்டின் மிக மோசமான மணி நேரத்தை எடுத்துப் பாருங்கள். அது மைனஸ் 18க்கு மேல் ஏறியிருந்தால், நீங்கள் இப்போதே அந்த மூன்று டிகிரியைச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.